காலனி வீட்டுக்கு விலை இல்லையாம்

குணம், திருப்பிக் கட்டும் சக்தி, சொந்த முதல், ஈடு, தொழில் நிலவரம். இந்த ஐந்தையும் பார்த்துத்தான் தொழிலுக்குக் கடன் கொடுக்கணும் என்கிறது வங்கிப் பாடம். அதோடு 300 முதல் 900 வரை சிபில் மதிப்பெண் வேறு.

திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள் நாங்கள். வியாபாரியிடம் முன்பணம், தண்டல்காரனிடம் நாள்வட்டி. ஒருநாள் தவறாமல் கட்டுகிறோம். அது எந்தச் சிபிலில் ஏறியிருக்கு? வங்கி கடன் தந்ததில்லை, அதனால் எங்களுக்குக் கடன் வரலாறு இல்லை. வரலாறு இல்லை, அதனால் கடனும் இல்லை.

அருப்புக்கோட்டையில் ஒரு வங்கியில் கேட்டேன். வீட்டுப் பட்டாவைப் பார்த்த மேனேஜர், "காலனி வீடா? ஏலம் விட்டா எவன் வாங்குவான்?" என்றார். குறு, சிறு தொழிலுக்கு 10 லட்சம் வரை ஈடே கேட்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010இலேயே சொல்லியாச்சு. கிளைக்கு ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடி ஆளுக்காவது 10 லட்சம் முதல் 1 கோடி வரை கொடு என்றது 2016இல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா. அதுவும் 2025 மார்ச்சோடு முடிந்தது.

எங்க தெருவில் ஊர்க்காரன் வீடு வாங்கமாட்டான் என்பது சாதி. அதையே 'சந்தை மதிப்பு' என்று படிவத்தில் எழுதுகிறது வங்கி. தண்டல் நோட்டையும் கணக்கில் எடு. ஈடு கேட்காதே. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடு. 'காலனி' என்று எழுதிக் கையெழுத்துப் போடத் துணிவிருந்தால்.