எண்ணும் இடமும்



சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை வெலிங்டன் தீவின் மேற்குக் கரையில், மட்டாஞ்சேரி வாய்க்காலைப் பார்த்தவாறு நின்றிருந்தேன். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, எதிர்க்கரைத் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் ஆழ்கடற் படகொன்றில் தொழில் செய்யும் இளைஞர் ஒருவர் என்னைத் தேடிவந்தார். ஒரு கையில் எண்கள் எழுதிய சீட்டு. மற்றொரு கையில் ஜி.பி.எஸ். கருவி.

"ஐயா, இந்த எண்களைக் கருவியில் ஏற்றிக்கொண்டு வருமாறு சித்தப்பா சொன்னார். பிழை செய்துவிடுவேனோ என்று அச்சமாக இருக்கிறது" என்றார்.

அந்த அச்சம் நல்லது. அஞ்சுவது அஞ்சாமை பேதைமை என்று நம் முன்னோர் அறிந்திருந்தனர். நம் சங்கத்துக் குடும்பங்களுள் கடலை நம்பி வாழ்வோர் பலர். கடலுக்குச் சென்றவரை எதிர்பார்த்துக் கரையில் காத்திருப்போர் அவரினும் பலர். ஆதலின் இத்திங்கள் இப்பகுதியை இப்பொருளுக்கே ஒதுக்குகிறேன்.

நாங்கள் நின்ற அந்நிலமே மனிதனின் திட்டத்தால் தோன்றியது. 1920ஆம் ஆண்டு கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, முகத்துவாரத்தை மறித்துக் கிடந்த மணல்திட்டை அகழ்ந்து கப்பல்கள் உள்ளே வர வழி செய்தார். துறைமுகத்தை ஆழப்படுத்தும்போது அள்ளிய மண்ணைக் காயலில் கொட்டி நிரப்பியே இத்தீவை எழுப்பினார்கள். கையளவும் தவறாமல் அளந்து பார்ப்போர்க்கே நீரும் நிலமும் வசப்படும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

உலகின் எந்த இடத்தையும் இரண்டு எண்களால் குறிக்கலாம். நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே அல்லது தெற்கே எவ்வளவு என்பது அட்சரேகை. இங்கிலாந்தின் கிரீனிச்சிலிருந்து கிழக்கே அல்லது மேற்கே எவ்வளவு என்பது தீர்க்கரேகை. இவற்றைப் பாகையில் அளப்பர். ஒரு பாகைக்கு 60 கலை; ஒரு கலைக்கு 60 விகலை. துறைமுகத்தில் டிகிரி, மினிட், செகண்டு என்று வழங்குவது இவற்றையே. அட்சரேகையில் ஒரு கலை என்பது ஒரு கடல்மைல். அஃதாவது ஏறத்தாழ 1,852 மீட்டர். ஒரு விகலை 31 மீட்டர் அளவாகும்.

இனிச் சிக்கலைக் கேளுங்கள். ஒரே இடத்தை மூன்று வகையாக எழுதும் வழக்கம் உண்டு. பாகை, கலை, விகலை என மூன்றாகப் பிரித்தெழுதுவது ஒன்று. பாகையும், தசமத்தோடு கூடிய கலையும் எழுதுவது இரண்டு. பாகையை மட்டுமே தசமமாக எழுதுவது மூன்று. எடுத்துக்காட்டாக, 9 பாகை 30 கலை 0 விகலை, 9 பாகை 30.000 கலை, 9.50000 பாகை ஆகிய மூன்றும் ஒன்றே.

நண்பருடைய கருவியை உடனே சீட்டுக்குப் பயன்படுத்தாமல், நாங்கள் நின்ற பகுதியின் எண்ணையே முதலில் ஏற்றிப் பார்க்கச் சொன்னேன். 9 பாகை 57 கலை 30 விகலை வடக்கு, 76 பாகை 16 கலை 0 விகலை கிழக்கு என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் ஏற்றி முடித்ததும், அவ்விடம் 44 கிலோமீட்டருக்கு அப்பால், தென்தென்மேற்கில் இருப்பதாகக் கருவி காட்டியது! ஆலப்புழைக்கு வெளியே நடுக்கடலில் போய் நின்றது வெலிங்டன் தீவு.

நேர்ந்தது யாதெனில், அக்கருவியை யாரோ தசமப் பாகைக்கு மாற்றி வைத்திருந்தனர். நண்பர் 9.5730 என்றும் 76.1600 என்றும் ஏற்றியிருந்தார். உண்மையில் ஏற்றியிருக்க வேண்டியவை 9.95833 என்பதும் 76.26667 என்பதும் ஆகும். கலையை 60ஆல் வகுக்காமல் புள்ளிக்குப்பின் அப்படியே எழுதியதால் வந்த வினை அது.

கருவியைக் கலைத் தசமத்திற்கு மாற்றி மீண்டும் ஏற்றச் சொன்னேன். இம்முறை 57.300 என்று ஏற்றினார். பிழை சுருங்கியது, ஒழியவில்லை. 30 விகலை என்பது அரைக் கலை, ஆகையால் 57.500 என்றே ஏற்ற வேண்டும். 57.300 என்பது 370 மீட்டர் தெற்கே தள்ளிவிடும். முதற்பிழை பெரியது, ஆதலின் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டாம் பிழை சிறியது, ஆதலின் ஏமாற்றவல்லது. கடலடிப் பாறையில் மாட்டி வலை கிழிவதற்கு 370 மீட்டர் போதாதோ?

இது கற்பனைச் சிக்கலன்று. ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், மீன்வளம் மிகக்கூடிய கடற்பகுதிகளை மீனவர்க்கு அறிவித்து வருகிறது. அவ்வறிவிப்பில் இடங்கள் பாகை, கலை, விகலையாகத் தரப்படுகின்றன. நம்மவர் கையாளும் கைக்கருவிகள் பலவோ, கடையிலிருந்து வரும்போதே பாகையும் கலைத் தசமமும் காட்டும் நிலையில் இருக்கின்றன. கைபேசியோ பெரும்பாலும் தசமப் பாகையில் காட்டுகிறது. ஓர் எண்ணை ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு எடுத்தெழுதும்போதே பிழை புகுகிறது.

ஜி.பி.எஸ். ஏற்பாடு 1995இல் முழுமையாக நிறைவேறியது. பொதுமக்களுக்குரிய அலையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க அரசு நீக்கியது. அதன்பின் திறந்த வானத்தின் கீழ் இக்கருவி சில மீட்டர் துல்லியத்தில் இடம் காட்டுகிறது. ஆகவே, கருவி மீட்டரில் பிழைக்கும். நம் கையோ மைலில் பிழைக்கும். இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

எண்ணை ஏற்றுவோர் கடைப்பிடிக்க வேண்டியவற்றை வரிசையாகக் கூறுகிறேன்.

முதலாவது, சீட்டில் உள்ள எண் எவ்வகையினது என்று கேட்டறிக. பாகைக்குப்பின் வரும் இரண்டு இலக்கங்கள் 60ஐத் தாண்டினால் அது கலையாக இருக்க இயலாது, தசமமே. தாண்டாவிடில் எண்ணைப் பார்த்து மட்டும் முடிவு செய்யலாகாது; எழுதியவரைக் கேட்பதே வழி.

இரண்டாவது, கருவியின் அமைப்புப் பட்டியலைத் திறந்து, இடத்தைக் காட்டும் முறையைச் சீட்டின் முறைக்கு மாற்றுக. எண்ணை நாமே கணக்கிட்டு மாற்றுவதைவிடக் கருவியை மாற்றுவது எளிது, பிழைக்கும் இடமில்லை.

மூன்றாவது, அதே பட்டியலில் 'மேப் டேட்டம்' என்றொன்று உண்டு. அது பூமியின் வடிவைக் குறித்த அடிப்படைக் கணக்கு. அதனை டபிள்யூ.ஜி.எஸ். 84 என்பதிலேயே வைத்திருங்கள். 1802ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலையருகே லாம்டன் தொடங்கிய நெடிய நிலவளவையின் வழிவந்த பழைய இந்திய வரைபடங்கள், எவரெஸ்டு 1830 என்னும் வேறொரு கணக்கின்மேல் வரையப்பட்டவை. அவற்றின் எண்களை அப்படியே ஏற்றினால் நம் பகுதியில் இடம் நூறு மீட்டருக்கும் மேல் விலகும்.

நான்காவது, புதிய இடக்குறியைத் திறந்து, அம்பு விசையால் இலக்கம் இலக்கமாக ஏற்றுக. 9 என்பதை 09 என்றும், 76 என்பதை 076 என்றும், 5 கலையை 05 என்றும் எழுதுக. வடக்கு, கிழக்கு என்னும் எழுத்துகளையும் பார்த்துக்கொள்க. கிழக்குக்கு மாறாக மேற்கு என்றிருந்தால் கொச்சி, தென்னமெரிக்காவின் கொலம்பியாவுக்கு அப்பாலுள்ள கடலுக்குப் போய்விடும்!

ஐந்தாவது, சேமித்தபின் கருவி காட்டும் தொலைவையும் திசையையும் நோக்குக. ஐதராபாத் அறிவிப்பில் கரையிலிருந்து தொலைவும் திசையும் சேர்த்தே தரப்படுகின்றன. இரண்டும் ஒத்தால் மகிழ்க. ஒவ்வாவிடில் படகை அவிழ்க்காதீர்.

இதனை இத்துணை வற்புறுத்துவதற்குக் காரணம் மீன் மட்டுமன்று. 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர் பலர் கடலில் சிக்கினர், திரும்பாதோர் பலர். அந்நாள்களில் அவ்வூர்க் கடற்கரைகளில் எழுந்த அழுகுரலை நம்மில் பலர் நேரிலே கேட்டோம். தேடிச் செல்லும் கப்பலுக்கும் விமானத்துக்கும் முதலில் வேண்டுவது இடம். 23 கடல்மைல் தவறான இடத்துக்கு அனுப்பப்பட்ட படகு, மணிக்கு 8 கடல்மைல் செல்வதாயின் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தை வீணாக்கும். நீரில் தத்தளிப்பவனுக்கு மூன்று மணி என்பது ஓர் ஆயுள்.

ஆதலின், இடத்தைச் சொல்லும்போது வகையையும் சேர்த்துச் சொல்லுங்கள். "ஒன்பது ஐம்பத்தேழு முப்பது" என்னாமல், "ஒன்பது பாகை, ஐம்பத்தேழு கலை, முப்பது விகலை, வடக்கு" என்று சொல்லுங்கள். டிகிரி, மினிட், செகண்டு என்று சொன்னாலும் சரியே. தசமம் இருந்தால் 'புள்ளி' என்பதை விடாமல் சொல்லுங்கள். கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். எண்ணோடு நாளும் மணியும் குறியுங்கள். எந்திரம் நின்ற படகை ஒரு கடல்மைல் வேக நீரோட்டம் ஆறு மணியில் ஆறு கடல்மைல் இழுத்துச் சென்றுவிடும். கடலோரக் காவற்படையின் அவசர எண் 1554. படகு வானொலியில் 16ஆம் அலைவரிசை. இவ்விரண்டையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

வீட்டிலிருக்கும் தாய்மார்க்கும் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். படகிலிருந்து தொலைபேசியில் வரும் எண்ணைக் கைக்குக் கிடைத்த தாளின் மூலையில் கிறுக்கி வையாதீர்கள். அதற்கென ஒரு குறிப்பேடு வைத்து, மேலே கூறியவாறு முழுமையாக எழுதுங்கள். ஆபத்து வேளையில் அதிகாரிகளிடம் நீங்கள் தரக்கூடிய பேருதவி அந்த ஒரு வரியே.

நண்பர் மூன்றாம் முறை 57.500 என்று ஏற்றினார். கருவி நாங்கள் நின்ற பகுதியையே காட்டியது. பின்னர்ச் சித்தப்பாவைத் தொலைபேசியில் அழைத்து, "சீட்டில் இருப்பது விகலையா, தசமமா?" என்று கேட்டார். விகலை என்று விடை வந்தது. கருவியை அதற்கேற்ப மாற்றி எண்களை ஏற்றினார். பிறகு அவற்றை இரண்டு தாள்களில் தெளிவாக எழுதினார்.

"ஒன்று படகுக்கு. மற்றொன்று?" என்று கேட்டேன்.

"ஊரில் அம்மாவுக்கு அனுப்ப, ஐயா" என்றார்.