நேர்த்தி நிறைவுறும் இடம்

மட்டக்களப்பு வாவி நம் நாட்டை இரு கரைகளாக வகுத்து வைத்திருக்கின்றது. ஞாயிறு எழும் கடற்பக்கம் எழுவான்கரை. அது சாயும் வயற்பக்கம் படுவான்கரை. நகரமும் பெருங்கடைத் தெருக்களும் எழுவான்கரையில் வளர்ந்தன. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர், மண்டூர்க் கந்தசுவாமி, தாந்தாமலை முருகன் முதலிய பெருங்கோயில்களோ படுவான்கரையில் நிலைபெற்றன. ஆதலால் எழுவான்கரை மக்களுக்குத் திருவிழா என்பது நீரைக் கடந்து செல்லும் ஒரு பயணமாகவே இருந்து வந்திருக்கின்றது.

முன்னாளில் அப்பயணம் கால்நடையாலும் மாட்டு வண்டியாலும் நிகழ்ந்தது. துறையில் 'பாதை' எனப்படும் மிதவைப் படகுக்காகக் காத்திருத்தல் தவிர்க்க இயலாதது. 2014 ஏப்ரலில் ஜப்பானிய உதவியுடன் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபோது அக்காத்திருப்பு அங்கே முடிவுற்றது. பழமையைப் போற்றும் ஆர்வத்தில் படகுக் காலமே பொற்காலம் என நான் கூறமாட்டேன். கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பரில் அத்தகைய மிதவைப் பாதை கவிழ்ந்து பள்ளிச் சிறார் மாண்டதை எவர் மறப்பர்? பாலம் நமக்கு வேண்டியதே. ஆயினும், பாலம் பயணத்தைச் சுருக்கிய அளவுக்கு அதன் ஆபத்தைச் சுருக்கவில்லை என்பதே ஈண்டு எண்ணற்பாலது.

தாந்தாமலையை எடுத்துக்கொள்வோம். வயல்வெளி முடிந்து காடு தொடங்கும் எல்லையில் எழுந்த கற்குன்று அது. ஆடித் திருவிழாக் காலத்தில் மாலையில் நகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, இரவுப் பூசை கண்டு, நள்ளிரவுக்குள் வீடு திரும்புவது இன்று இளைஞர்க்கு எளிய காரியம். அப்பருவமோ சிறுபோக அறுவடையை ஒட்டியது. தார் வீதியின் ஒரு பாதியில் நெல் உலர்கின்றது. மறு பாதியில் இரவுச் சூட்டை நாடி மாடுகள் படுத்திருக்கின்றன. காட்டோர ஊர்களில் யானை எவ்விடத்தில் வீதியை மறிக்கும் என்று சொல்ல முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் என் நண்பர் ஒருவர் வண்டியோட்ட, நான் பின்னிருந்து அவ்வழியே திரும்பினேன். எதிரே வந்த வண்டிக்கு இடம்விட்டு ஒதுங்கியபோது சக்கரம் நெல்மணிகளில் ஏறி வழுக்கிற்று. அவருக்குக் கை முறிந்தது. எங்கள் இருவர் தலையிலும் கவசம் இருந்தமையால் உயிர் எஞ்சியது. பின்னர் அவ்வழியே வந்த வண்டிகளை நான் எண்ணிப் பார்த்தேன். மூவர் ஏறியவை பல. நடுவே குழந்தை இருந்தவையும் பல. கவசமற்ற தலைகளோ எண்ணில.

இதனை இளைஞரின் வேக வெறி என்று கூறி ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் இரவுப் பூசை முடிந்தபின் ஏறுவதற்கு பஸ் இல்லாத ஊரில், ஒரு குடும்பம் ஒரே வண்டியில் ஏறுவதற்கு வேகத்தின்மீதுள்ள ஆசையா காரணம்? வழி இன்மையே காரணம். பஸ் இருந்தால் மட்டும் போதும் என்பதும் அன்று. 2025 மே மாதம், வெசாக்குக்கு முதல் நாள் விடியற்காலையில், கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற பஸ் கொத்மலை மலைச்சாலையில் பள்ளத்தில் வீழ்ந்து 20-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மலையாயினும் வயலாயினும், இரவில் வீடு திரும்பும் வழியே கொடிது.

உலகெங்கும் ஆண்டுதோறும் சுமார் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதி விபத்துக்களில் இறக்கின்றனர் என்றும், 5 முதல் 29 வயது வரையினரின் மரணத்திற்கு இதுவே முதற் காரணம் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. இலங்கையிலும் ஆண்டுக்கு 2,000-க்கு மேற்பட்டோர் இவ்வாறு மடிகின்றனர். அவருள் மோட்டார் சைக்கிளில் சென்றோரே மிகுதி. இது விதியன்று. வியட்நாம் 2007 டிசம்பரில் எல்லா வீதிகளிலும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தியது. சின்னாட்களிலேயே பெரும்பாலோர் கவசம் அணியலாயினர். நம் நாட்டிலும் சட்டம் உண்டு. கோயிலுக்குப் போகும் நாளில் மட்டும் அது தளர்ந்துவிடுகின்றது.

ஆகவே நான் வேண்டுவது பெரிதன்று. கொடியேற்றத்துக்கு முன் கூடும் ஆலய பரிபாலன சபையார், பூசைக்கும் அன்னதானத்துக்கும் திட்டமிடுவது போல, அடியார் வீடு திரும்பும் வழிக்கும் திட்டமிடல் வேண்டும். இறுதிப் பூசையின்பின் புறப்படும் பஸ்களுக்குப் போக்குவரத்துச் சபையை முன்கூட்டியே நாடலாம். அவ்விரவுகளில் நெல்லும் மாடும் வீதியில் இல்லாதிருக்கப் பிரதேச சபையாரும் கமக்காரரும் உடன்படலாம். கவசமற்ற வண்டியைப் பொலிஸார் கோயில் வாயிலுக்கு முன்னரே நிறுத்தலாம். ஆசிரியர்களாகிய நாம் தேர்த் திருவிழாவைக் கட்டுரைப் பொருளாக்கும்போது அதற்குச் செல்லும் வீதியையும் மாணவரிடம் பேசலாம்.

நேர்த்திக்கடன் சந்நிதியில் தீர்ந்துவிடுவதாக நாம் கருதுகின்றோம். போனவர்களுக்காக விளக்கேற்றி வைத்துக் காத்திருக்கும் தாய் அவ்வாறு கருதுவதில்லை. பிள்ளை வாசற்படியில் கால்வைக்கும் பொழுதுதான் அவளுக்கு அது நிறைவுறுகின்றது. திருவிழாவை நடத்துவோரும் அவள் கணக்கையே தம் கணக்காகக் கொள்வாராக.