வண்டியின் அடியில் ஒரு சிவப்புத் துளி

நானுஓயாவில் எங்கள் வீட்டுக்கு மேல்வரிசையில் ஒரு குடும்பம் வசிக்கின்றது. ஒரு பழைய ஜப்பானிய வானை நம்பியே அக்குடும்பத்தின் அடுப்பு எரிகின்றது. காலையில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும். பிற்பகலில், ரயிலில் வந்திறங்குவோரை நுவரெலியாவுக்குக் கொண்டுசென்று விடும். கிளச்சை மிதிக்க வேண்டாத, தானாகவே கியர் மாறும் வண்டி அது. ‘ஓட்டோ கியர்’ என்று சாரதிகள் அழைப்பர்.

சில மாதங்களுக்கு முன் அதன் அடியில் சிவப்பு எண்ணெய்க் கறை தென்பட்டது. வீட்டுக்காரரும் அவ்வப்போது அரைப் போத்தல் எண்ணெய் வாங்கி ஊற்றிச் சமாளித்து வந்தார். ஈற்றில் ஒரு கராஜில் காட்டினார். இயந்திரமும் கியர்ப் பெட்டியும் பொருந்துமிடம் முழுதும் நனைந்திருப்பதைக் கண்ட மெக்கானிக், “முன்பக்க ஓயில் சீல் போய்விட்டது, பெட்டியை இறக்கத்தான் வேண்டும்” என்று கூறிவிட்டார். கேட்ட கூலியோ அவருடைய இரண்டு மாத வருமானம். வேறு வண்டி வாங்கலாமென்றால், 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதிக்கு 2025இல் மீண்டும் வழி பிறந்த போதிலும், விலை அவருக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. உயர்தர வகுப்பில் படிக்கும் மகனுடைய பரீட்சைச் செலவுக்கென ஒதுக்கிய பணத்தில் கைவைப்பதா என்று கணவனும் மனைவியும் இரவெல்லாம் யோசித்தனர்.

அப்பணத்தைக் காப்பாற்றியவன் அந்த மகனே. எவ்வாறு என்பதை அறியுமுன், அச்சிவப்பு எண்ணெய் செய்யும் வேலையைச் சிறிது தெரிந்துகொள்வோம்.

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டும் பெரிய மின்விசிறிகளை நம்மிற் பலர் கண்டிருப்போம். சுழலும் விசிறி ஒன்றின் எதிரே, மின்சாரம் இல்லாத மற்றொரு விசிறியை நிறுத்தினால், முன்னதன் காற்றுப் பட்டுப் பின்னதும் சுழலும். ஓட்டோ கியரிலும் இதுவே நிகழ்கின்றது. காற்றுக்குப் பதிலாக அங்கே எண்ணெய். இயந்திரம் எண்ணெயைச் சுழற்ற, எண்ணெய் கியர்ப் பெட்டியைச் சுழற்றுகின்றது. அதே எண்ணெயின் அழுத்தமே உள்ளிருக்கும் தட்டுகளை இறுக்கிக் கியரை மாற்றுகின்றது; அதுவே உராய்வைக் குறைத்து, வெப்பத்தையும் வெளியே கொண்டுசெல்கின்றது. 1940ஆம் ஆண்டு மொடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ‘ஹைட்ராமாட்டிக்’ என்ற பெயரில் இவ்வகைக் கியர் பெருமளவில் விற்பனைக்கு வந்த நாள் தொட்டு, அடிப்படை இதுவேயாகும்.

ஆகவே, எண்ணெய் குறைந்தால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தட்டுகள் வழுக்கும். ஏற்றத்தில் இயந்திரம் இரையும், வண்டி நகராது. அதனினும் ஆபத்தானது இறக்கம். மலைப்பாதையில் இறங்கும்போது கியரைத் தாழ்நிலையில் வைத்து, இயந்திரமே வண்டியைப் பிடித்துக்கொள்ளுமாறு செய்வது சாரதியின் கடமை. வழுக்கும் கியர்ப் பெட்டி அவ்வாறு பிடிக்காது. முழுப் பாரமும் பிரேக்கின் மீது விழும்; ஓயாது மிதிபடும் பிரேக் சூடேறித் தன் வலுவை இழக்கும். நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியின் சரிவை அறியாதார் இங்கில்லை. 2023 ஜனவரி 20ஆம் திகதி மாலை, அவ்வீதியில் பஸ் ஒன்று வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் எழுவர் உயிரிழந்தனர். அவ்விபத்தை இங்கே நினைவூட்டுவது, சரிவு எத்தகையது என்பதை உணர்த்தவே. அத்தகைய சரிவில் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவர், ‘சிறிய ஒழுக்குத்தானே’ என்று இருந்துவிடலாகாது.

இனி அம்மாணவன் செய்ததைக் காண்போம்.

முதலாவதாக, ஒழுகுவது எந்த எண்ணெய் என்று பார்த்தான். வெள்ளைத் துணியில் ஒரு துளியை ஒற்றினான். இயந்திர எண்ணெய் தேன் நிறத்திலிருந்து கறுப்பு வரை இருக்கும். ஓட்டோ கியர் எண்ணெய்க்கோ, பிறவற்றினின்று பிரித்தறிவதற்காகவே சிவப்புச் சாயம் ஊட்டியிருப்பர். எனினும் ஓர் எச்சரிக்கை உண்டு. பல பழைய வண்டிகளில் பவர் ஸ்டியரிங்குக்கும் இதே சிவப்பு எண்ணெயைத்தான் ஊற்றுவார்கள். ஆதலால் ஸ்டியரிங் எண்ணெய்க் குப்பியின் அளவையும் பார்த்தான்; அது குறையவில்லை. ரேடியேட்டர் நீரையும் இயந்திரம் ஆறியிருக்கும்போது திறந்து பார்த்தான். கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் பகுதி ரேடியேட்டருக்குள் உடைந்திருந்தால், நீர் பால் கலந்த இளஞ்சிவப்பாக மாறியிருக்கும். அதுவும் இல்லை.

இரண்டாவதாக, கியர் எண்ணெயின் அளவு. இங்கேதான் பலர் தவறுகின்றனர். பெரும்பாலான பழைய வண்டிகளில், சிறிது தூரம் ஓடிச் சூடான பின், சமதரையில் நிறுத்தி, இயந்திரம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அளவுகோலை இழுத்துப் பார்க்க வேண்டும். சில வகைகளில் முறை வேறு. கைநூலைப் பார்ப்பதே நலம். சரிவில் நிறுத்திப் பார்த்தால் அளவு பொய் சொல்லும். குறைவென்று எண்ணி அளவுக்கு மேல் ஊற்றினால், எண்ணெய் நுரைத்து மூச்சுத் துவாரம் வழியே வெளியேறி, புதிதாக ஓர் ஒழுக்கையும் உண்டாக்கும். ரயில் நிலையத்தின் அருகே ஒரு சமமான இடம் தேடிப் பார்த்தபோது, அளவு குறைந்தே இருந்தது. நிறம் கறுக்கவில்லை, கருகிய வாடையும் இல்லை. உள்ளே தட்டுகள் இன்னும் எரியவில்லை என்பதற்கு அது நல்ல அறிகுறி.

மூன்றாவதே முக்கியமானது. விழுந்த துளி, பிறந்த இடத்தைச் சொல்வதில்லை. வண்டி ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளும். நிற்கும்போது அது தாழ்ந்த பக்கமாக வழிந்து வேறோரிடத்தில் சொட்டும். நம் ஊரிலோ வாசலே சரிவு. போதாக்குறைக்கு மழையும் சேறும். ஆகவே அவன் சவர்க்காரத் தூள் கரைத்த நீரால் அடிப்பாகம் முழுவதையும் கழுவி, நன்கு உலரவிட்டான். பின்னர் பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டி அடியில் விரித்து, வண்டியின் நான்கு சக்கரங்கள் நிற்கும் இடங்களையும் அதில் குறித்துக்கொண்டான்.

இரவு முழுதும் வண்டி நின்றது. காலையில் தாளில் ஒரு துளியும் இல்லை! இதுவே அவனைச் சிந்திக்க வைத்தது. வண்டி நிற்கும்போது மேலிருக்கும் எண்ணெயின் ஒரு பகுதி கீழிறங்கி, பெட்டியின் அடித்தட்டில் மட்டம் உயரும். அடித்தட்டின் கேஸ்கட்டோ, கியர்த் தண்டின் சீலோ பழுதாயிருந்தால், நிற்கும்போதும் கசிந்திருக்கும். நின்றால் ஒழுகாமல் ஓடினால் மட்டும் ஒழுகுமெனில், அழுத்தத்தோடு எண்ணெய் ஓடும் வழி எங்கோ பழுது. இயந்திரத்தை இயக்கிவிட்டு, தகப்பனார் பிரேக்கை மிதித்துக்கொண்டு அமர்ந்திருக்க, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, மகன் பக்கவாட்டில் நின்று டோர்ச் அடித்துப் பார்த்தான். மிக முன்னேயும் மிக மேலேயும் நனைந்திருக்கும் இடமே ஒழுக்கின் ஊற்று என்பது விதி. ரேடியேட்டரின் கீழே, கியர் எண்ணெய் வந்துபோகும் ரப்பர் குழாயின் கிளிப்பருகே, சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக எண்ணெய் அரும்பியது. அதுதான் காற்றில் பின்னே பறந்து கியர்ப் பெட்டியை நனைத்து வந்தது.

“அப்பா, பெட்டிய இறக்க வேணாம். ஒழுகுறது பெட்டி இல்ல, இந்தக் குழாய்தான்!” என்று அவன் கூவியது எங்கள் வீடு வரை கேட்டது.

ஆண்டுக்கணக்கில் சூட்டிலும் மலைக்குளிரிலும் கிடந்து, ரப்பர் விறைத்து வெடித்திருந்தது. வெப்பமான எண்ணெயைத் தாங்கக்கூடிய குழாயில் ஒரு முழமும் இரண்டு கிளிப்புகளும் வாங்கி மாற்றினர். கராஜ்காரர் வஞ்சகர் அல்லர். நனைந்த இடத்தைக் கண்டு நோயிருக்கும் இடமென்று முடிவு செய்துவிட்டார், அவ்வளவே. முன்பக்க சீல் பழுதாவதும் உண்மையில் உண்டு. அப்போது பெட்டியை இறக்காமல் தீராது. ஆயினும் கழுவிப் பார்க்காமல் அம்முடிவுக்கு வரலாகாது.

செய்யத்தகாதவை சிலவற்றையும் வாசகர்கள் மனத்திற் கொள்வார்களாக. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் நுழையவே கூடாது. சரிவான வாசலில் அது உயிரோடு விளையாடுவதாகும். கசிகிறதே என்று அடித்தட்டின் ஆணிகளை மிகையாக இறுக்கினால், தட்டு வளைந்து கசிவு பெருகும். கடையில் சிவப்பாக இருப்பதெல்லாம் ஒரே எண்ணெய் என்று எண்ணுவதும் தவறு. ஒருகாலத்தில் இவ்வெண்ணெயில் திமிங்கில எண்ணெயும் சேர்த்தனர். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சட்டம் திமிங்கிலங்களுக்குக் காவலாக வந்தபின், கலவையையே புதிதாக அமைக்க நேர்ந்தது. வண்டிக்கு வண்டி, காலத்துக்குக் காலம் வகை மாறும். கைநூலிலோ அளவுகோலிலோ குறித்த வகையையே ஊற்றுதல் வேண்டும்.

இன்று அந்த வான் வழக்கம்போல் பிள்ளைகளோடு இறக்கத்தில் இறங்குகின்றது. மகன் பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டான். ஞாயிறுதோறும் காலையில், தாயார் பழைய பத்திரிகைத் தாளொன்றை எடுத்து வந்து வண்டியின் அடியில் விரிக்கின்றார். அடுத்த வாரம் இந்தப் பக்கமும் அங்கே விரிக்கப்படலாம். அதில் ஒரு சிவப்புத் துளியும் விழாதிருக்குமானால், எனக்கு அதுவே மகிழ்ச்சி.