முருங்கைக்கீரையும் ஈயத் தூசியும்

போன வாரம் திண்டிவனத்திலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் விழுப்புரத்துக்கு வீடு தேடி வந்தான். பழைய பேட்டரிகளைப் பிரித்து பிளேட் மாற்றித் தரும் சின்னக் கடையில் அவனுக்கு வேலை. கல்யாணமாகி ஐந்து வருடம் ஆகிறது, குழந்தை இல்லை. காபியைக் குடித்துவிட்டுச் செல்போனை நீட்டினான்.

"சார், ஈயத்தால ஆம்பளைங்களுக்கு வர்ற குறையை மூலிகைச் சாறு தடுக்குதாம். நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியார்தானே, சாப்பிடலாமான்னு சொல்லுங்க."

படித்துப் பார்த்தேன். பொய்ச் செய்தி இல்லை. ஆனாலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. என் பெரியப்பா மகன் ஞாபகம் வந்துவிட்டது.

அண்ணன் எழுபதுகளில் திண்டிவனத்தில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டர். விடுமுறைக்குப் போனால் நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். கையில் ஸ்டிக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி அடுக்குவார். அந்த எழுத்துகள் ஈயமும் ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்து வார்த்தவை. விரல் எப்போதும் கறுத்திருக்கும். அதே விரலால் பீடி பிடிப்பார், அதே கையால் பொட்டலத்தைப் பிரித்து இட்லி சாப்பிடுவார். முதலாளி நல்ல மனிதர். தினமும் ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுப்பார். "ஈயத்தை முறிச்சிடும்" என்பார். எல்லோரும் நம்பினோம்.

அண்ணனுக்குக் குழந்தை இல்லை. மயிலம், மேல்மலையனூர் என்று அண்ணி ஏறாத கோயில் இல்லை. டாக்டரிடம் போனதும் அண்ணி மட்டும்தான். அண்ணனுக்கு முருங்கைப்பூ போட்ட பாலும் அமுக்கராப் பொடியும் கொடுத்ததோடு சரி. விசேஷ வீடுகளில் அண்ணி காதுபட என்னவெல்லாம் பேசினார்கள் என்று இங்கே எழுத மனம் வரவில்லை. ஈயம் நஞ்சு என்று முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிய நானும், அண்ணனை ஒரு தடவை பரிசோதனைக்குக் கூப்பிட்டதில்லை.

ஈயம்தான் காரணம் என்று இன்று நான் சொல்ல முடியாது. யாரும் அளந்து பார்க்கவில்லை. அளக்காமலே பழியை மட்டும் அண்ணி தலையில் போட்டோம். சாவதற்குச் சில மாதம் முன்பு அண்ணி கேட்டார்: "தம்பி, ஒரு தடவை அவரையும் கூட்டிட்டுப் போய்க் காட்டியிருக்கலாம் இல்ல?" என்னிடம் பதில் இல்லை.

இதெல்லாம் புதிதாகத் தெரிந்த விஷயமும் இல்லை. அச்செழுத்து வார்க்கும் இடத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கரு கலைவதையும், கணவன் மட்டுமே ஈயத்தில் வேலை செய்த குடும்பங்களிலும் அப்படி நடப்பதையும் கான்ஸ்டன்டின் பால் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1860-லேயே எழுதியிருக்கிறார். 1975-இல் ருமேனியாவில் பேட்டரித் தொழிலாளர்களைப் பரிசோதித்து, ஈயம் ஏறியவர்களின் விந்தணுக்கள் எண்ணிக்கையிலும் அசைவிலும் குறைந்திருப்பதைக் காட்டினார்கள்.

இனி மூலிகைக்கு வருகிறேன். முருங்கை, அமுக்கரா, பூண்டு போன்றவற்றின் சாற்றை வைத்து ஆய்வுகள் நடந்திருப்பது உண்மை. பெரும்பாலும் எலிகளிடம் நடந்தவை. எலிக்கு ஈய உப்பையோ காட்மிய உப்பையோ கொடுத்து, கூடவே சாற்றையும் கொடுக்கிறார்கள். சாறு குடித்த எலிக்குச் சேதம் குறைகிறது. உலோகம் செல்களில் கிளப்பும் ஆக்சிஜன் சிதைவை மூலிகை ஓரளவு தணிக்கிறது என்பது விளக்கம். நல்ல ஆராய்ச்சிதான், நடக்கட்டும். ஆனால் எலி கூண்டுக்குள் இருக்கிறது. கொடுத்த ஈயத்தைத் தின்றுதான் ஆக வேண்டும். மனிதனுக்கு அந்தக் கட்டாயம் இல்லையே! நஞ்சை நிறுத்த வழியிருக்கும்போது மருந்தை மட்டும் தேடுவது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது போலத்தான். அந்தக் காலத்து வாழைப்பழம் இன்று சாறாக வந்திருக்கிறது, அவ்வளவே.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. ஈயத்துக்கு மருந்து என்று லேபிள் இல்லாத டப்பாவை வாங்கி, ஈயத்தையே விழுங்கும் நிலை வரலாம்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் ஈய நஞ்சு, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களில் ஒன்றாக இருந்தது. ஆனால் இரண்டு பேர் வேலை செய்யும் தெருவோரக் கடையை அந்தச் சட்டம் எட்டிப் பார்த்ததில்லை. மூலிகை பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் பேச வேண்டும் என்பது என் கருத்து. வேலை செய்கிற இடத்தைச் சுத்தப்படுத்துவது முதலாளியின் கடமை. அதைத் தொழிலாளியின் வயிற்றுக்குள் மருந்தாகத் தள்ளிவிடக் கூடாது.

பையனிடம் சொன்னது இதுதான். முதலில் ரத்தத்தில் ஈய அளவு பார். விந்துப் பரிசோதனை செய், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்கு முன்னால் உன் மனைவியை எங்கும் அலைய விடாதே. கடைக்குள் சாப்பிடாதே, பீடி சிகரெட் வேண்டாம். முகத்துக்குச் சரியான மாஸ்க் போடு. வேலைச் சட்டையைக் கடையிலேயே மாற்று, அந்தத் தூசி வீட்டுக்கு வரக் கூடாது. முடிந்தால் வேறு வேலை தேடு. எலும்பில் தங்கிய ஈயம் வருடக்கணக்கில் இருக்கும். புது விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் ஆகும். அதனால் பொறுமை வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ முருங்கைக்கீரை வேண்டாமா சார்?" என்றான்.

தாராளமாகச் சாப்பிடச் சொன்னேன். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகமாக உறிஞ்சும், கீரையில் இரண்டும் உண்டு. கொல்லையிலிருந்து ஒரு கட்டு ஒடித்தும் கொடுத்தேன்.

"கையை நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டுச் சாப்பிடுப்பா" என்று சொல்லி அனுப்பினேன்.