பனிமூடி என்னும் பிழை

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி அடிவாரம் வரையுள்ள தென்னந்தோப்புகளிலும் மாந்தோப்புகளிலும் உழைத்துவரும் பழைய டிராக்டர்களைப் பற்றி, உரிமையாளர்களிடமும் சில பட்டறைகளிலும் ஒரு கருத்து வேரூன்றியிருக்கிறது. எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டிலும் பிளாக்கிலும் அடித்துச் செருகப்பட்டிருக்கும் வட்டத் தகட்டு மூடிகள் பனிநாடுகளுக்காக ஏற்பட்டவை என்றும், தண்ணீர் உறைந்து விரியும்போது தெறித்து விழுந்து எஞ்சினைக் காப்பது மட்டுமே அவற்றின் பணி என்றும், தண்ணீர் உறையாத இந்த ஊரில் அவற்றை மாற்றுவது வீண்செலவு என்றும், கசிந்தால் பசை பூசினால் போதும் என்றும் அக்கருத்து கூறுகிறது. அதன் அடிப்படையே தவறு. அதை நம்பி நடப்பதால் ஒரு சிறு தகட்டோடு முடிந்திருக்க வேண்டிய பழுது ஹெட்டையே பறிகொடுப்பதில் போய் முடிகிறது.

இம்மூடிகளுக்கு வழங்கும் பிளக் என்ற சொல்லால் இங்கே குறிக்கப்படுவது எது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்கோ, டீசல் எஞ்சினைக் குளிரில் கிளப்ப உதவும் ஹீட்டர் பிளக்கோ அன்று; தண்ணீர் ஓடும் உள்ளறைகளின் துளைகளை அடைக்கும் கிண்ண வடிவத் தகடே இது. கோர் பிளக் என்பது இதன் சரியான பெயர். கப் பிளக், டம்மி பிளக் என்றும் வழங்கும். ஃப்ரீஸ் பிளக் என்று வெளிநாட்டார் சிலர் வழங்கும் பெயரே மேற்சொன்ன தவறான கருத்துக்கு வித்திட்டது எனலாம்.

இத்துளைகள் வார்ப்படச் சாலையில் பிறந்தவை. ஹெட்டும் பிளாக்கும் வார்ப்பிரும்பால் ஆனவை. அவற்றுக்குள் தண்ணீர் சுற்றிவரும் வெற்றிடம் வேண்டுமானால், அந்த வெற்றிடத்தின் வடிவிலேயே மணலைக் கெட்டிப்படுத்தி, அச்சுக்குள் தொங்கவிட்டு, அதைச் சுற்றி உருகிய இரும்பை ஊற்ற வேண்டும். கோர் என்று வார்ப்படத் தொழிலில் அழைக்கப்படும் அந்த மணற்கரு அச்சுக்குள் நிலையாக நிற்பதற்குப் பக்கங்களில் பிடிப்பு வேண்டும். இரும்பு ஆறியபின் மணலை உதிர்த்து வெளியேற்ற வழியும் வேண்டும். அந்தப் பிடிப்பும் வழியும் இருந்த இடங்களே பின்னர் துளைகளாக எஞ்சுகின்றன. அவற்றைச் சீராகக் கடைந்து மூடுவதற்கு வந்ததே பிளக். தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடும் என்பதும், அவ்வழுத்தத்தில் சில வேளைகளில் பிளக் தெறித்து விழும் என்பதும் உண்மையே. ஆனால் பிளக் தெறித்த பின்னும் பிளாக் வெடித்துப்போவது உண்டு. ஏனெனில், குறுகிய அறைகளில் சிக்கிய பனிக்கட்டி துளை இருக்கும் பக்கமாகவே விரிய வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. உறைதலிலிருந்து எஞ்சினைக் காப்பது கூலன்ட்டின் வேலை.

‘இங்கே பனி இல்லை, ஆகவே வெறும் தண்ணீர் போதும்’ என்பது அடுத்த கூற்று. குரங்கணிக்கு மேலே மலைமுகட்டைத் தாண்டிய மூணாறுத் தேயிலைத் தோட்டங்களில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல்மேல் உறைபனி படிவதுண்டு என்றாலும், போடிச் சமவெளியில் தண்ணீர் உறைவதில்லை என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே பிளக்கைத் தின்பது துரு. கூலன்ட் என்பது எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தோடு துருத்தடுப்புப் பொருள்கள் கலந்தது; வெப்பநாட்டு எஞ்சினுக்கு அதனால் கிடைக்கும் முதற்பயன் அந்தத் துருத்தடுப்பே. வெறும் தண்ணீரில் மெல்லிய எஃகுத் தகடு உட்பக்கமாக அரிக்கப்பட்டு, வெளியே வண்ணப்பூச்சு மாறாமல் நல்லதுபோல் தோற்றமளித்தபடியே, காகிதம்போல் மெலிந்துவிடுகிறது.

இவ்வூருக்கே உரிய ஒரு வாதமும் உண்டு: ஆழ்குழாய்த் தண்ணீர்தான் கெடுதல், கொட்டகுடி ஆற்றுத் தண்ணீர் மலையிலிருந்து தெளிவாக இறங்குவது, அதை ஊற்றினால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது என்பர். பாதி உண்மையான இக்கூற்று அதனாலேயே மேலும் ஆபத்தானது. ஆழ்குழாய்த் தண்ணீரின் சுண்ணாம்பு உப்புகள் சூட்டில் படிந்து உள்ளறைகளை அடைக்கும் என்பது சரி. மலையோடைத் தண்ணீரில் அவ்வுப்புகள் குறைவு என்பதும் சரி. ஆனால் பாறைகளில் மோதிக் குதித்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் நிறையக் கரைந்திருக்கும், இரும்பு துருப்பிடிக்கத் தேவை அந்த ஆக்சிஜனே. கசியும் எஞ்சினில் நாள்தோறும் தண்ணீர் நிரப்புகிறவர், நாள்தோறும் புதிய ஆக்சிஜனையும் சேர்த்தே ஊற்றுகிறார். குடிக்க நல்ல தண்ணீர் இரும்புக்கும் நல்லதாக இருக்க வேண்டும் என்ற நியதி இல்லை.

‘சொட்டுச் சொட்டாகத்தானே கசிகிறது’ என்ற சமாதானம் மலைச்சரிவில் சிறிதும் செல்லாது. கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி முன்னதாகவே கொதிக்கும். 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடையும்போது அக்கொதிநிலை ஏறத்தாழ 95 டிகிரியாகிவிடும். இந்த இழப்பை ஈடுசெய்வதற்காகவே ரேடியேட்டர் மூடி அழுத்தத்தை உள்ளே தேக்கிவைக்கிறது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தேக்கும் மூடி, கொதிநிலையைப் பத்து டிகிரிக்கு மேல் உயர்த்தும். கசியும் பிளக் அந்த அழுத்தத்தை வெளியே விட்டுவிடுகிறது. நிறைந்த டிரெய்லரை இழுத்துக்கொண்டு, கீழ் கியரில், எதிர்க்காற்றின் உதவியும் இல்லாமல் மெல்ல ஏறும் டிராக்டருக்கு அந்தப் பத்து டிகிரி மிகப் பெரிது. அது பறிபோனால் தண்ணீர் கொதித்து, ஹெட் கேஸ்கட் எரிந்து, ஹெட் வளைவதும் விரிசல் விடுவதும் தொடரும்.

பசை பூசுவதும் வெல்டிங் வைப்பதும் மாற்றுவழிகளாகச் சொல்லப்படுகின்றன. எபோக்சிப் பசை துருவும் எண்ணெயும் படிந்த பரப்பில் உறுதியாக ஒட்டாது; ஒட்டினாலும், சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் இரும்பும் பசையும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் பிளவுபடும். வார்ப்பிரும்பில் வெல்டிங் வைப்பது இன்னும் கேடு. தக்கபடி முன்சூடு ஏற்றாமல் வைத்தால் பற்றுக்கு அருகிலேயே விரிசல் ஓடும்.

‘சுத்தியால் அடித்து இறக்கினால் முடிந்தது, இதில் என்ன நுட்பம்’ என்பாருக்கும் விடை தேவை. பழைய பிளக்கின் ஓரத்தில் உளியால் தட்டி, அது துளைக்குள்ளேயே குறுக்காகத் திரும்பியதும் பிளையரால் பிடித்து இழுக்க வேண்டும். உள்ளே விழுந்ததை அப்படியே விட்டுவிட்டால் தண்ணீரின் ஓட்டம் தடைபடும். துளையின் சுவரை உப்புத்தாள்கொண்டு பளபளக்கத் தேய்த்து, துளையளவுக்கு ஏற்ற பிளக்கில் மெல்லிய அடைப்புப்பசை தடவி, கிண்ணத்தின் வாய் வெளிப்புறம் பார்க்க நேராக இறக்க வேண்டும். கிண்ண வகையை நடுவில் அடித்தால் கிண்ணம் உருக்குலையும். வெல்ச் பிளக் எனப்படும் சற்றுக் குவிந்த வட்டத்தகட்டு வகைக்கோ நேர்மாறான முறை: குவிந்த பக்கம் வெளியே இருக்க, நடுவில் அடித்துத் தட்டையாக்கும்போதுதான் அது விரிந்து துளையைக் கவ்வும். பித்தளை கிடைத்தால் பித்தளையே மேல். அது எஃகைப்போல் துருப்பிடிப்பதில்லை, பெரிய இரும்புப் பரப்புக்கு நடுவே சிறு பித்தளை இருப்பதால் இரும்புக்கு வரும் அரிப்பும் அற்பமே.

செலவு என்ற வாதத்தில் மட்டும் ஓரளவு நியாயம் உண்டு. 1960-இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் தயாரித்த மாஸி ஃபெர்குசன் வகையிலும், இன்டர்நேஷனல் பி-275 வழிவந்த மகிந்திரா வகையிலும் எஞ்சினே டிராக்டரின் முதுகெலும்பு. முன்னச்சு எஞ்சினின் முகப்பிலும், கியர்பாக்ஸ் அதன் பின்புறத்திலும் போல்ட்டால் இணைந்திருக்கும். ஆகவே பிளாக்கின் பின்சுவரில் பிளக் இருக்கும் எஞ்சினில், அதைத் தொடுவதற்கு டிராக்டரையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். அதைக் கிளட்ச் தட்டு மாற்றும் நாள்வரை ஒத்திப்போடலாம், கசியாதிருந்தால். ஹெட்டிலுள்ள பிளக்குகளுக்கு இந்த விலக்குப் பொருந்தாது. கேஸ்கட் மாற்றவோ வால்வு தேய்க்கவோ ஹெட்டை எப்படியும் இறக்குகிறார்கள், அப்போது அவை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன. ஒன்று துருத்துளை விட்டிருந்தால் மற்றவையும் அதே வயதினவே, அதே தண்ணீரில் ஊறியவையே. ஒன்றை மட்டும் மாற்றுவது சிக்கனம் ஆகாது.

ஹெட் மேசைமேல் கிடக்கும் அன்று எல்லாப் பிளக்குகளையும் மாற்றித் தரும்படி டிராக்டர் உரிமையாளர்கள் மெக்கானிக்கிடம் கேட்டு வாங்க வேண்டும். அதற்குப் பின் ஊற்றும் கூலன்ட்டைப் பிறகு வடிக்க நேரும்போது ஒரு பாத்திரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். இனிப்புச் சுவையுள்ள அத்திரவம் நாய்க்கும் மாட்டுக்கும் நஞ்சு, கொட்டகுடி ஆற்றில் அது ஒரு சொட்டும் கலக்கலாகாது.