நாற்காலி உங்களுடையது, வீடு யாருடையது?

சென்ற மாதம் சிரம்பானுக்கும் ரந்தாவுக்கும் இடையே உள்ள ஒரு தோட்டத்துக்குச் சங்க வேலையாகப் போயிருந்தோம். பெரட்டு முடிந்து ஆட்கள் காட்டுக்குப் போய்விட்ட நேரம். லயத்தின் கடைசி வீட்டு வாசலில் ஒரு தங்கச்சி மோட்டார் சைக்கிளில் பை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். பையில் என்ன இருக்கும் என்று கேட்க வேண்டியதில்லை. கத்தரிக்கோல், சீப்பு, புருவம் திருத்தும் நூல், மருதாணி, முகத்துக்குப் பூசும் மாவு, மணப்பெண்ணுக்கு வைக்கும் சவுரி முடி எல்லாம் அதற்குள் அடக்கம். பத்து வருடமாக இந்தப் பையோடுதான் அவர் தோட்டம் தோட்டமாகப் போய் வருகிறார். தீபாவளிக்கு முதல் வாரம் அவரைப் பிடிப்பது கிராணியைப் பிடிப்பதைவிடக் கஷ்டம் என்று சொல்வார்கள்.

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. ஒரு ரோசன கேக்கணும்" என்றார்.

"முட்டி வலிக்குதண்ணே. விடியக் காலை முகூர்த்தம்னா ராத்திரி மூணு மணிக்குக் கிளம்பணும். செம்பனைக் காட்டுப் பாதையில விளக்கே கிடையாது. இனிமே வீட்டுலயே வச்சுக்கலாம்னு பாக்குறேன். முன் அறையில டைல் போட்டு, தலை கழுவுற தொட்டி கட்டி, சுவத்துல பெரிய கண்ணாடி பதிச்சா நாலாயிரம் வெள்ளி ஆகும். கூட்டுப் பணம் இந்த மாசம் எனக்கு விழுது. செய்யட்டுமா?"

நாம் உடனே பதில் சொல்லவில்லை. "வீட்டுக்காரருக்கு என்ன வயசும்மா?" என்று மட்டும் கேட்டோம்.

"அம்பத்தெட்டு அண்ணே."

அந்த ஒரு பதிலில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. 2013 ஜூலை முதல் நம் நாட்டில் தனியார் துறைக்குக் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. இன்னும் இரண்டு வருடத்தில் அந்த வீட்டுக்காரர் பெயர் செக்ரோலில் இருக்காது. பெயர் போனால் வீடும் போகும். அப்போது தரையில் ஒட்டிய டைலையும் சுவரில் கட்டிய தொட்டியையும் யார் பெயர்த்துக்கொண்டு போவது?

வீட்டோடு தொழில் செய்வது தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. நல்ல யோசனைதான். ஆனால் "வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்" என்று சொல்லும்போது, அந்த வீடு யாருடையது என்ற கேள்வியை நம் பெண்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அதைச் சொல்லத்தான் இன்று எழுதுகிறோம்.

பை தூக்கிப் போய்ச் செய்யும் இந்தத் தொழில் தோட்டத்துக்குப் புதிதல்ல. முன்பெல்லாம் முடி வெட்டுகிறவர் ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் நாற்காலி போடுவார். கல்யாண வீடென்றாலும் சாவு வீடென்றாலும் அவரே தேடிப் போவார். அவர் கை இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது. ஆனாலும் அந்தத் தொழிலைச் சாதியோடு சேர்த்துக் கட்டி, அவரை வாசலிலேயே நிறுத்திய வெட்கக்கேடும் நம்மிடையே இருந்தது. இன்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அழகுக் கலையைப் படித்துவிட்டு அதே கத்தரிக்கோலைக் கையில் எடுக்கிறார்கள். இது நல்ல மாற்றம். ஆனால் ஒரு பழக்கம் மட்டும் மாறவில்லை. இதை இன்னும் நாம் தொழிலாக மதிப்பதில்லை. "சும்மா வீட்டுல இருக்காம ஏதோ கை வேலை பாக்குறா" என்கிறோம். "நம்ம அக்காதானே, காசு அப்புறம் குடுத்துக்கலாம்" என்கிறோம்.

இந்த எண்ணத்துக்கு 2020ஆம் ஆண்டில் விலை கொடுக்க நேர்ந்தது. அந்த ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு ஆணை வந்தது. முடிதிருத்தும் கடைகளும் ஒப்பனை நிலையங்களும் மூடப்பட்டன. ஜூன் 10ஆம் தேதிதான் அவை திரும்பத் திறந்தன. ஏறக்குறைய மூன்று மாதம் பை தூக்கிப் போகிறவர்களுக்கும் வருமானமில்லை. அப்போது அரசாங்கம் பதிவு பெற்ற சிறு வணிகர்களுக்கு 3,000 வெள்ளி சிறப்பு உதவித் தொகை கொடுத்தது. கையில் பதிவுப் பத்திரம் இருந்தவர்கள் மனுச் செய்தார்கள். நம் தங்கச்சிகள் பலரிடம் பத்திரம் இல்லை. பத்து வருடம் உழைத்திருந்தும், அவர்கள் உழைத்ததற்கு ஒரு துண்டுக் காகிதச் சாட்சிகூட இல்லை.

வீடு வீடாகப் போய்ச் செய்யும் அழகுக் கலை வேலையின் கஷ்டம் நமக்கு மட்டும் உரியதுமல்ல. இந்தியாவில் 'அர்பன் கம்பெனி' என்ற நிறுவனம் கைத்தொலைபேசி வழியாக ஆர்டர் பிடித்து, பெண்களை வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்புகிறது. 2021 அக்டோபரில் டில்லிக்குப் பக்கத்தில் உள்ள குருகிராமில் அதன் அலுவலகத்துக்கு முன்னால் அந்தப் பெண்கள் திரண்டு உட்கார்ந்தார்கள். கம்பெனி எடுத்துக்கொள்ளும் கழிவு அதிகம், அபராதம் அதிகம் என்பது அவர்களுடைய குறை. கழிவைக் குறைப்பதாகக் கம்பெனி அறிவித்தது. டிசம்பரில் அவர்கள் மறுபடியும் கூடியபோது அதே கம்பெனி அவர்கள் மீது நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே பெண்கள் கம்பெனியின் ஆர்டரை நம்பி நின்றார்கள். இங்கே நம் தங்கச்சிக்கு மேலே எந்தக் கம்பெனியும் இல்லை, அவரே முதலாளி என்று தோன்றும். ஆனால் வீட்டில் நாற்காலியைப் போட்ட அன்றே அவருக்கு மேலேயும் ஒரு கம்பெனி வந்துவிடுகிறது. வீட்டின் சொந்தக்காரரான தோட்ட நிர்வாகம்தான் அது.

தோட்ட வீட்டைப் பற்றிய 446ஆம் சட்டம் 1990இல் வந்தது. வீடு எப்படி இருக்க வேண்டும், தண்ணீர், மின்சாரம், பிள்ளைக் கொட்டகை எப்படி வேண்டும் என்றெல்லாம் அது சொல்கிறது. வீட்டை நமக்குச் சொந்தமாக்கிக் கொடுப்பது அந்தச் சட்டத்தின் வேலையல்ல. வேலை இருக்கும் வரைதான் வீடு. தோட்டமே கைமாறினால் அதுவும் நிச்சயமில்லை. சிரம்பான்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இன்று சிரம்பான் 2 என்றும் பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்றும் வீடுகளும் கடைகளுமாக நிற்கும் இடங்களில் ஒரு காலத்தில் தோட்ட மரங்கள் நின்றன. மரங்களோடு லயங்களும் போயின.

நம் முன்னோர் இதை உணராமல் இல்லை. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பங்குப் பணம் திரட்டினார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை அது வாங்கியது. சிறுகச் சிறுகப் பணம் கட்டியவர்கள் பால் மரம் வெட்டியவர்கள்தாம். காலுக்குக் கீழே இருக்கும் மண் நம்முடையதாக இருக்க வேண்டும் என்று அன்றே நினைத்தார்கள். ஒரு நாற்காலி போட இடம் தேடும் இந்தத் தங்கச்சிக்கும் அந்தக் கவலைதான்.

ஆகவே, வீட்டில் தொழில் வைக்க நினைக்கும் பெண்களுக்குச் சிலவற்றைச் சொல்லி வைக்கிறோம்.

முதலாவது, தோட்ட வீட்டில் கட்டடச் செலவு வேண்டாம். நாற்காலி, நிற்கும் கண்ணாடி, தூக்கிப் போகக்கூடிய தலை கழுவும் தொட்டி இவற்றோடு நிறுத்துங்கள். எதையும் சுவரிலோ தரையிலோ பதிக்காதீர்கள். நிர்வாகத்திடம் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். மானேஜர் வாயால் சொல்லும் "பரவாயில்லை" அடுத்த மானேஜர் வரும் வரைதான் செல்லும். தோட்டத்தை விட்டு மலிவு விலை அடுக்குமாடிக்குப் போனவர்கள் அங்குள்ள நிர்வாகக் குழுவைக் கேட்க வேண்டும். உங்கள் வீட்டுக் குழாய் ஒழுகினால் கீழ் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா?

இரண்டாவது, பதிவு. வணிகம் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம். அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது 1956ஆம் ஆண்டுச் சட்டம். சொந்தப் பெயரில் பதிந்தால் வருடத்துக்கு 30 வெள்ளி, கடைக்கென்று தனிப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. ஒரு மணப்பெண் அலங்காரத்தில் கிடைப்பதைவிடக் குறைவு. வீட்டில் தொழில் நடத்துவதற்கு உள்ளூர் மன்றத்தின் உரிமமும் வேண்டும். சிரம்பான், நீலாய் மன்றங்கள் இரண்டும் 2020 ஜனவரியில் ஒன்றாகி இப்போது சிரம்பான் மாநகர் மன்றம் ஆகிவிட்டன. போர்ட்டிக்சன் பக்கம் இருப்பவர்களுக்கு அங்கே தனி மன்றம் இருக்கிறது. போய்க் கேளுங்கள். மலாய் பேசத் தயக்கமாக இருந்தால் படிக்கும் பிள்ளையைக் கூட்டிப் போங்கள்.

மூன்றாவது, பாதுகாப்பு. சுயதொழில் செய்கிறவர்களுக்கும் சொக்சோ உண்டு. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் டாக்சி ஓட்டுநர்களோடு தொடங்கி, பிறகு அழகுப் பராமரிப்பு உட்படப் பல தொழில்களுக்கு விரிந்தது. வேலை நிமித்தம் ரோட்டில் விழுந்தாலும், வேலை செய்யும்போது கையைச் சுட்டுக்கொண்டாலும் அது கை கொடுக்கும். வீட்டோடு இருக்கும் பெண்களுக்கென்று 2022 டிசம்பரில் வந்த வேறொரு சொக்சோ திட்டத்துக்கு வருடச் சந்தா 120 வெள்ளி. இரண்டும் வெவ்வேறு. எது உங்களுக்கு உரியது என்று சொக்சோ அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான்காவது, பூசும் பொருள். ஏழே நாளில் வெள்ளையாக்கும் என்று விற்கும் களிம்புகளில் பாதரசம் கலந்தவை பல முறை பிடிபட்டிருக்கின்றன. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் கேடு. நம் நாட்டில் முறைப்படி விற்கும் அழகுப் பொருளுக்குச் சுகாதார அமைச்சின் அறிவிப்பு எண் இருக்கும். அது 'நோட்' என்ற மூன்று எழுத்தில் ஆரம்பிக்கும். அது இல்லாத டப்பாவை உங்கள் நாற்காலிப் பக்கமே கொண்டு வராதீர்கள். கறுப்பு மருதாணி என்று விற்பதில் தலைச் சாயத்துக்குப் போடும் இரசாயனம் இருக்கலாம். தோல் கொப்பளித்துத் தழும்பாகும். பக்கத்து வீட்டுப் பெண் உங்களை நம்பித்தான் முகத்தைக் காட்டுகிறாள்.

கடைசியாக, விலைப் பலகை ஒன்றை எழுதி மாட்டுங்கள். வரவு செலவை ஒரு நோட்டில் எழுதுங்கள். கடன் வாங்க வேண்டியிருந்தால் வட்டிக்காரனிடம் போக வேண்டாம். தெக்குன் இருக்கிறது. அமானா இக்தியாரில் இந்தியப் பெண்களுக்கென்று 'பென்' என்ற கடன் திட்டத்தை 2024இல் 5 கோடி வெள்ளி ஒதுக்கித் தொடங்கினார்கள். இவையும் திருப்பிக் கட்ட வேண்டிய கடன்தான். அங்கேயும் முதலில் கேட்பது பதிவுப் பத்திரத்தையும் கணக்கையும்தான்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்து, வீட்டுக்கு முன்பணமும் சேர்ப்பது எவ்வளவு சிரமம் என்பது உங்களுக்கே தெரியும். மனைவியின் நாற்காலி சம்பாதிப்பதையும் சேர்த்தால்தான் கணக்கு ஓரளவு சரிக்கட்டும். முன் அறையில் ஆள் வந்து உட்கார்ந்தால் முகத்தைச் சுளிக்காதீர்கள். அந்த நேரத்தில் உலையை நீங்கள் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

இவ்வளவையும் அந்தத் தங்கச்சியிடமும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். நாலாயிரத்தில் ஆயிரத்துக்குள் நாற்காலியும் சாமான்களும் வாங்கிக்கொண்டு, மிச்சத்தை வீட்டு முன்பணத்துக்குப் போடலாம் என்று கணக்கும் போட்டுக் காட்டினோம். சரி என்று தலையாட்டினார். பையை வண்டியிலிருந்து அவிழ்த்துக்கொண்டே ஒன்று கேட்டார்:

"எல்லாத்தையும் தூக்கிட்டுப் போற மாதிரியே வச்சுக்கணும்னா, நான் எப்பண்ணே ஒரு எடத்துல உக்காருறது?"

நம்மிடம் பதில் இல்லை. நாற்பது வருடம் ஒரு தோட்டத்துக்கு உழைத்த குடும்பம், ஓய்வு பெறும் நாளில் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வெளியேறாமல் இருக்க வழி செய்ய வேண்டியது நிர்வாகங்களும் அரசாங்கமும். ஓய்வுக்கு முன்பே தொழிலாளி சொந்த வீடு வாங்க வழி வேண்டும். அந்த வீட்டில் ஒரு சிறு தொழில் நடத்தவும் இடம் வேண்டும். இதைச் சங்கக் கூட்டத்தில் ஆண்கள் மட்டும் பேசினால் போதாது. அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தங்கச்சியை வரச் சொல்லியிருக்கிறோம். உங்கள் தோட்டத்திலும் இப்படி ஒரு பை தூக்கும் பெண் இருப்பார். அவரையும் அழைத்து வாருங்கள். அவர் கேள்வியை அவர் வாயாலேயே கேட்கட்டும்.