கழுத்தில் தொங்கிய அட்டை

‘பிரசாரம் வேறு, கலை வேறு’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளும் பெரியவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. அந்தத் தீர்ப்பிடம் இல்லை.

அவர்கள் முன்னால் ஒரு மனிதரை நிறுத்துகிறேன். லூயிஸ் வால்டெஸ் என்பது அவர் பெயர். நடிகர், நாடகாசிரியர், போராட்டக்காரர். 1940-இல் கலிபோர்னியாவின் டெலானோ என்ற சிற்றூரில், மெக்ஸிக வம்சத்துக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். ஆறு வயதில் பள்ளி நாடகத்தில் அவருக்குக் குரங்கு வேஷம் கிடைத்தது. நாடகம் நடப்பதற்குள் பருத்தி வேலை முடிந்துவிட்டது. குடும்பம் பிழைப்பைத் தேடி ஊர் மாறிற்று. வேஷம் போயிற்று, ஏக்கம் போகவில்லை.

1965 செப்டம்பரில் அதே டெலானோவின் திராட்சைத் தோட்டங்களில் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சில நாளில் ஸீஸர் சாவேஸின் சங்கமும் சேர்ந்துகொண்டது. வால்டெஸ் அங்கே போனார். கையில் நாடகமில்லை, மேடையில்லை, நடிகர்களுமில்லை. சில அட்டைகளில் ‘வேலைநிறுத்தக்காரன்’ என்றும் ‘கருங்காலி’ என்றும் எழுதித் தொழிலாளிகளின் கழுத்தில் மாட்டினார். ‘நடியுங்கள்’ என்றார்.

கருங்காலி அட்டையைத் தானாக மாட்டிக்கொள்ள யாருக்கு மனம் வரும்? மாட்டிக்கொண்டவன், தான் வெறுத்த மனிதனாகவே நின்று பேச வேண்டியதாயிற்று. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பெரியவர்களே, வெறுத்தவனின் தோலுக்குள் புகுந்து பார்ப்பது வெறும் பிரசாரம் என்றால், கலை என்பதற்கு உங்கள் அகராதியில் என்னதான் பொருள்?

‘எல் தியேட்ரோ காம்பெஸினோ’, அதாவது குடியானவர் நாடகக் குழு, அப்படிப் பிறந்தது. லாரியின் முதுகே அதற்கு மேடை. அவர்கள் நாடகம் ஒன்றில் முதலாளி பன்றி முகமூடியோடு வருகிறான். தொழிலாளிக்குத்தான் கவலையற்ற வாழ்வு என்று பொறாமைப்பட்டு, அவனோடு இடம் மாற்றிக்கொள்கிறான். முகமூடியும் கைமாறுகிறது. பிறகு அவனுடைய சொந்தக் காவலாளே அவனை அடையாளம் தெரியாமல் இழுத்துக்கொண்டு போகிறான். சங்கத்துக்காரர்களெல்லாம் எங்கே தொலைந்தார்கள் என்று முதலாளியே அலறுகிறான்! முதலாளித்தனம் ரத்தத்தில் இல்லை, முகமூடியில் இருக்கிறது என்பதை எந்தப் பிரசங்கி இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டான்?

இதுவரை என் தோழர்கள் கைதட்டியிருப்பார்கள். சற்றுப் பொறுங்கள், உங்களிடமும் எனக்கு வழக்கு இருக்கிறது. 1967-இல் வால்டெஸ் சங்கத்திலிருந்து பிரிந்து, குழுவைத் தனியே நடத்தத் தொடங்கினார். 1943-இல் கொலை வழக்கொன்றில் 17 இளைஞர்கள் தண்டிக்கப்பட்டு, 1944-இல் மேல்கோர்ட்டில் அத்தண்டனை ரத்தான நிகழ்ச்சியை வைத்து ‘ஸூட் ஸூட்’ என்ற நாடகம் எழுதினார். 1978-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அது வெற்றி பெற்றது. 1979-இல் நியூயார்க்கின் பிராட்வேக்குப் போயிற்று. அமெரிக்க மெக்ஸிகரின் நாடகம் அங்கே ஏறியது அதுவே முதல் தடவை. சில வாரங்களில் இறங்கிவிட்டது. விமரிசகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். ‘விலைபோய்விட்டான்’ என்றார்கள், பழைய கூட்டாளிகள் சிலர்.

சங்கத்தை விட்டவன் ஜனங்களை விட்டவனா? அந்த 17 பேரும் யாருடைய பிள்ளைகள்?

என்னிடமும் ஒருமுறை இயக்கத்துக்காரர் ஒருவர் வந்தார். என் கதையில் வரும் கூலிக்காரன் குடிக்கிறானாம்; அதை எடுத்துவிட வேண்டுமாம். ‘எங்கள் தெருவில் குடித்தானே ஐயா, அவனை நான் எங்கே கொண்டுபோய் ஒளிப்பேன்?’ என்றேன். மறுமுறை அவர் வரவில்லை. எழுத்து என்னோடு இருந்தது.

2016-இல் வால்டெஸுக்கு வெள்ளை மாளிகையில் தேசியக் கலைப் பதக்கம் சூட்டினார்கள். இனி பெரியவர்களுக்கும் அது கலைதான்; பதக்கம் வந்துவிட்டதல்லவா! எனக்கோ, அன்று டெலானோவில் ஒரு கூலிக்காரன் கழுத்தில் தொங்கிய அந்த அட்டையே போதும்.